சிரட்டைக்கரியும் சவர்த் தண்ணீரும்: புறத்துறிஞ்சல் என்றால் என்ன?

உப்புவெளியிலிருந்து உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் புத்தகத்தில் புறத்துறிஞ்சல் என்று இருக்கிறது. இந்திய வீடியோக்களில் பரப்புக் கவர்தல் என்கிறார்கள். வீட்டுக் கிணற்றுக்கு பில்டர் பூட்ட வந்த அண்ணா, கரி எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்றார். மூன்றும் ஒன்றா? ஒரு கிராம் கரிக்கு ஆயிரம் சதுர மீற்றர் மேற்பரப்பு இருக்கிறதென்றால், தண்ணீர் ஏன் இன்னும் சவராகவே இருக்கிறது?"

முதல் இரண்டும் ஒன்றுதான். ஒன்று இலங்கை வழக்கு, மற்றது தமிழ்நாட்டு வழக்கு. பரீட்சையில் உங்கள் புத்தகச் சொல்லையே எழுதுங்கள். பில்டர் அண்ணா சொன்னதில்தான் சிக்கல். "உறிஞ்சும்" என்பது அரைகுறை, "எல்லாவற்றையும்" என்பது முழுப் பிழை. உங்கள் கடைசிக் கேள்வி அருமையான கேள்வி. அதற்குப் பதில் விளங்கினால் இந்தப் பாடத்தில் முக்கால்வாசி விளங்கிவிடும். அதனால் அதை நோக்கியே போகிறேன்.

இரண்டு அவத்தைகள் (திண்மம், திரவம், வாயு போன்ற நிலைகள்) தொட்டுக்கொள்ளும் எல்லையில், ஒரு பதார்த்தம் உள்ளே இருப்பதைவிடக் கூடிய செறிவில் சேர்ந்து நிற்பதே புறத்துறிஞ்சல். கரியும் காற்றும், கரியும் தண்ணீரும் என்று திண்மம் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சவர்க்காரத் தண்ணீரில், சவர்க்கார மூலக்கூறுகள் தண்ணீரின் மேல்விளிம்பில் வாலை வெளியே நீட்டிக்கொண்டு நெருங்கி நிற்பதும் புறத்துறிஞ்சல்தான். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவது அதனால்தான்.

ஏன் மேற்பரப்பில் சேர வேண்டும்? திண்மத்தின் உள்ளே இருக்கும் ஓர் அணுவுக்கு எல்லாத் திசையிலும் அயலவர் உண்டு. விளிம்பில் இருக்கும் அணுவுக்கு வெளிப்பக்கம் யாருமில்லை. அந்தப் பக்கத்து விசை சும்மா கிடக்கிறது. கிட்ட வரும் மூலக்கூறை அது பிடித்துக்கொள்கிறது, பிடித்ததும் சக்தி குறைகிறது. இயங்குமுறை இவ்வளவுதான்.

அகத்துறிஞ்சல் வேறு. அங்கே பதார்த்தம் உள்ளே போய், முழுக் கனவளவிலும் பரவிவிடும். அமோனியா தண்ணீரில் கரைவது, காபனீரொட்சைட்டை சோடியமைதரொட்சைட்டுக் கரைசல் எடுத்துக்கொள்வது எல்லாம் அந்த வகை. மாரி மழை தொடங்கியதும் குசினியில் கல்லுப்புப் போத்தல் கசிந்து அடியில் தண்ணீர் நிற்கும், பார்த்திருப்பீர்கள். உப்போடு கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, அந்த ஈரத்திலேயே கரைகிறது. அது அகத்துறிஞ்சல். சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்னப் பைக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல்லும் ஈரத்தைத்தான் பிடிக்கிறது. ஆனால் மணிகள் மணிகளாகவே இருக்கும், கசியாது, கரையாது. நீராவி அதன் நுண்துளைச் சுவர்களில் ஒட்டி நிற்கிறது. இது புறத்துறிஞ்சல். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் வெறுமனே "உறிஞ்சல்" என்று பொதுவாகச் சொல்லலாம். மக்பெயின் என்பவர் 1909 இல் அப்படியொரு பொதுச்சொல்லை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் இந்தச் சங்கடத்தால்தான்.

வகுப்புகளில் ஒரு சோதனை சொல்லித் தருவார்கள்: பொருளை நன்றாகப் பொடித்துப் பார், எடுத்துக்கொள்ளும் அளவு கூடினால் புறத்துறிஞ்சல், கூடாவிட்டால் அகத்துறிஞ்சல். கண்ணாடி, குவார்ட்சு போன்ற துளையில்லாத திண்மங்களுக்கு இது சரி. ஏவிய காபனுக்கு இது பொறி. கடைக்காரர் அக்டிவேட்டட் காபன் என்று விற்பது அதைத்தான். அதன் மேற்பரப்பு கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே, துளைகளின் சுவர்களில் இருக்கிறது. பொடித்தால் வேகம் கூடும், ஏனென்றால் மூலக்கூறு நடக்க வேண்டிய தூரம் குறைகிறது. கடைசியில் பிடிக்கும் மொத்த அளவு பெரிதாக மாறாது. "உள்ளே போகிறதே, அப்படியென்றால் அகத்துறிஞ்சல்தானே?" என்று கேட்கத் தோன்றும். இல்லை. மூலக்கூறு போவது துளையின் வெளிக்குள். நிற்பது காபனின் மேற்பரப்பில். காபன் அணுக்களுக்கு இடையில் அது கரைவதில்லை.

இப்போது அந்த ஆயிரம் சதுர மீற்றர் கதை. நிலாவெளிக் கடற்கரை மணலில் ஒரு பருக்கையை எடுங்கள். விட்டம் 0.2 மில்லிமீற்றர், குவார்ட்சு, அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம் என்று வைத்தால், ஒரு கிராம் மணலின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 0.011 சதுர மீற்றர். ஒரு கொப்பித்தாளின் ஒரு பக்கத்துக்குக் கிட்டக்கூட வராது. நல்ல ஏவிய காபனில் ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீற்றர் சாதாரணம். நம் ஆட்கள் காணி கதைக்கும் கணக்கில் சொன்னால் 40 பேர்ச், கால் ஏக்கர். ஒரு தேக்கரண்டிக் கரியில் வீடு கட்டி, கிணறு வெட்டி, பின்னால் தென்னையும் வைக்கலாம். மணலைவிடக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் மடங்கு. மணல் வடி தூசையும் சேற்றையும் தடுத்து நிறுத்துமே தவிர, கரைந்திருப்பதை அவ்வளவாகப் பிடிக்காததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அந்தப் பரப்பை எப்படி அளக்கிறார்கள்? நைதரசனை 77 கெல்வினில் கரியின்மேல் விட்டு, எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு நைதரசன் மூலக்கூறு 0.162 சதுர நனோமீற்றர் இடம் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு கிராம் கரியை ஒற்றைப் படையாக மூட, நியம வெப்பநிலை அமுக்கத்தில் 230 கன சென்ரிமீற்றர் நைதரசன் தேவைப்பட்டது என்று வையுங்கள். 230 ஐ 22,400 ஆல் பிரித்து, அவகாதரோ எண்ணாலும் 0.162 ஆலும் பெருக்கி, சதுர மீற்றருக்கு மாற்றிப் பாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் வரும். கல்குலேட்டரை எடுத்து ஒரு தடவை செய்யுங்கள், பிறகு மறக்காது. படைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்போது அதில் முதல் படையை மட்டும் பிரித்தெடுக்கும் முறையை 1938 இல் புருனாவர், எமெட், டெல்லர் மூவரும் கொடுத்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் "பி.ஈ.டி பரப்பு" என்று வருவது அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகள்.

எங்கள் தேங்காய்க்கும் இந்தக் கதையில் நல்ல இடம் உண்டு. 1785 இல் ரஷ்யாவில் லோவிற்சு என்ற மருந்தாளர், கரி கரைசலின் நிறத்தை எடுப்பதைக் கவனித்தார். புறத்துறிஞ்சல் என்பதற்கான ஆங்கில, ஜேர்மன் சொல்லை 1881 இல் கைசர் என்ற ஜேர்மன் பௌதிகவியலாளர் அச்சேற்றினார். 1900களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் டுவார், சிரட்டையில் செய்த கரியை திரவக் காற்றில் குளிரவைத்து, பாத்திரத்தில் மிஞ்சிய வாயுவை அது பிடித்துக்கொள்ளும்படி செய்து உயர்ந்த வெற்றிடம் உண்டாக்கினார். முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்கு நல்ல கரி தேடியபோதும் சிரட்டைக்கரி முன்னுக்கு வந்தது. அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நனோமீற்றருக்குக் குறைவான நுண்துளைகள். கரி கெட்டியாகவும் இருக்கும், லேசில் உதிராது. இன்று இலங்கை ஏற்றுமதி செய்யும் ஏவிய காபனும் பெரும்பாலும் சிரட்டையிலிருந்துதான் வருகிறது.

ஆனால் அடுப்பில் எரிந்து மிஞ்சும் சிரட்டைக்கரி வேறு, ஏவிய காபன் வேறு. இதை வகுப்பில் செய்து காட்டுவேன். ஒரே செறிவில் மெதிலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசல் இரண்டு குடுவையில். ஒன்றில் வீட்டுச் சிரட்டைக்கரியை இடித்துப் போடுவது, மற்றதில் பில்டருக்குள் இருக்கும் கரி, இரண்டும் ஒரே நிறை. மூடிக் குலுக்கி, கொஞ்சம் வைத்து, வடிதாளில் வடித்தால், வீட்டுக்கரிக் குடுவையின் வடிதிரவம் இன்னும் நல்ல நீலம். மற்றது நிறமில்லாத வெறும் தண்ணீர்போல் இறங்கும், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால்தான் மெல்லிய நீலச் சாயல் தெரியும். கரிக்குள் துளை திறக்க 800 முதல் 1,000 பாகை வரையான வெப்பத்தில் நீராவி பாய்ச்ச வேண்டும். நீராவி காபனோடு தாக்கி காபனோரொட்சைட்டும் ஐதரசனுமாகப் போகும்போது, போன இடமெல்லாம் துளையாகிறது. அடுப்பில் அது நடக்காது.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். அதே பில்டர் கரியை உப்புத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வடியுங்கள். வடித்ததில் இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டால், தயிர்போல் வெண்மையாக வெள்ளி குளோரைட்டு விழும். கரி போடாத உப்புத் தண்ணீரில் விட்டாலும் அதே தடிப்பு. ஆயிரம் சதுர மீற்றர் பரப்பு இருந்தும் குளோரைட்டு அசையவில்லை.

காரணம், புறத்துறிஞ்சல் இரண்டு பேர் விவகாரம் இல்லை, மூன்று பேர் விவகாரம்: மேற்பரப்பு, கரையம், தண்ணீர். பாடப்புத்தகங்கள் வாயுக்களை வைத்தே பாடத்தைத் தொடங்குவதால் இந்த மூன்றாவது ஆளை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். சோடியம் அயனையும் குளோரைட்டு அயனையும் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் இறுக்கமாக நிற்கின்றன. அந்த நீரேற்றத்தைக் கழற்றிவிட்டு முனைவற்ற காபன் சுவரில் போய் ஒட்டுவதால் அயனுக்கு இலாபமில்லை, நட்டம்தான். மெதிலீன் நீலமும் அயன்தான், ஆனால் அது தட்டையான பெரிய மூலக்கூறு, அதன் வளையங்கள் காபனின் தட்டுகளில் முகத்தோடு முகமாகப் படுக்கின்றன. தண்ணீருக்கும் அந்தப் பெரிய உடம்பைச் சுமப்பதில் விருப்பமில்லை. எது தண்ணீரில் வேண்டாவெறுப்பாகக் கரைந்திருக்கிறதோ அது கரிக்கு இலகுவில் வரும் என்பது நல்ல கைவிதி. பூச்சிகொல்லி எச்சம், எண்ணெய் வாடை, இலைகுழை அழுகிய மணம், நிறம் எல்லாம் அந்த வகை. உப்பு, கல்சியம் வன்மை, நைத்திரேற்று எல்லாம் மறுபக்கம்.

ஆக, மேற்பரப்பு எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். அந்த மேற்பரப்பு யாருக்குப் பிடித்தமானது என்பதே மறுபாதி. பில்டர் விளம்பரங்கள் முதல் பாதியை மட்டும் கதைக்கும்.

புளோரைட்டு இதற்கு நல்ல உதாரணம். இலங்கையின் உலர்வலயத்தில் பல கிணறுகளில் அது கூடுதலாக உண்டு. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சாதாரண ஏவிய காபன் இதில் பெரிதாக உதவாது. எலும்புக்கரியும் ஏவிய அலுமினாவும் நன்றாகப் பிடிக்கும். அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஐதரொட்சைல் கூட்டங்களின் இடத்தைப் புளோரைட்டு பிடித்துக்கொள்கிறது. அவற்றின் மேற்பரப்பு ஏவிய காபனைவிடப் பல மடங்கு குறைவு, ஆனாலும் பந்தயத்தில் வெல்வது அவைதான். செங்கல் துண்டுகள் நிரப்பிய வீட்டு வடிகட்டிகளை இலங்கைக் கிராமங்களில் பயன்படுத்தியதன் பின்னாலும் இதே இரசாயனம் இருக்கிறது.

அடுத்தது நிரம்பல். மேற்பரப்பு எவ்வளவு பெரிதானாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. இதைக் கணக்காக்கியவர் இர்விங் லாங்முயர். மின்குமிழ்க் கம்பனி ஆய்வுகூடத்தில் சூடான தங்குதன் இழைகளில் வாயுக்கள் எப்படி ஒட்டுகின்றன என்று பார்க்கத் தொடங்கி, 1918 இல் தன் சமவெப்பக் கோட்டை (ஒரே வெப்பநிலையில், செறிவு கூடக்கூட ஒட்டும் அளவு எப்படி மாறும் என்று காட்டும் கோடு) முழுமையாக வெளியிட்டு, 1932 இல் மேற்பரப்பு இரசாயனத்துக்காக நோபல் பரிசு பெற்றார். அவர் எடுத்துக்கொண்டவை எளிமையானவை: இருக்கைகள் எண்ணிக்கையில் இவ்வளவுதான், ஓர் இருக்கையில் ஒரு மூலக்கூறு, எல்லா இருக்கையும் சமம், பக்கத்தில் யார் இருந்தாலும் கவலையில்லை. ஒட்டும் வேகமும் விடுபடும் வேகமும் சமமாகும் இடத்தில், நிரம்பிய பங்கு என்பது, எவ்வளவு பலமாக ஒட்டும் என்று காட்டும் மாறிலியையும் செறிவையும் பெருக்கி வருவதை, அதோடு ஒன்றைக் கூட்டியதால் பிரித்தால் கிடைக்கும். உதாரணத்துக்கு மாறிலி 0.5 என்று வையுங்கள். செறிவு 2 என்றால் பாதி நிரம்பும். 20 என்றால் 91 சதவீதம். 200 என்றால் 99 சதவீதம். முதல் பத்து மடங்குக்கு 41 சதவீதம் கூடிற்று, அடுத்த பத்து மடங்குக்கு வெறும் 8. கோடு முதலில் நேராக ஏறி, பிறகு வளைந்து, படுத்துவிடுவதன் பொருள் இதுதான். உண்மையான கரியில் எல்லா இருக்கையும் சமமில்லை. அதனால் பிரொயின்ட்லிக் என்பவரின் அடுக்குச் சமன்பாடு சில இடங்களில் நன்றாகப் பொருந்தும். அதற்கு உச்ச எல்லை கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து வரும் ஒரு விஷயத்தை மாணவர்களும் தவறவிடுகிறார்கள், பில்டர் வாங்குபவர்களும் தவறவிடுகிறார்கள். இது சமநிலை. ஒட்டியது விடுபடும். கரி நிரம்பியிருக்கும்போது உள்ளே வரும் தண்ணீரின் செறிவு குறைந்தால், கரி பிடித்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். பழைய பில்டரிலிருந்து வரும் தண்ணீர் சில வேளை கிணற்றுத் தண்ணீரைவிட மணப்பது இதனாலும் இருக்கலாம், கரியில் வளர்ந்த நுண்ணங்கிகளாலும் இருக்கலாம்.

பௌதிகப் புறத்துறிஞ்சல், இரசாயனப் புறத்துறிஞ்சல் வேறுபாட்டை உங்கள் குறிப்புகளில் அட்டவணையாக வைத்திருப்பீர்கள், திரும்ப எழுதவில்லை. முதலாவது வந்தர்வாலிசு விசை, மூலுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 கிலோயூல், பல படை, இலகுவில் மீளும். இரண்டாவதில் உண்மையான பிணைப்பு, பெரும்பாலும் 80 இலிருந்து சில நூறு கிலோயூல் வரை, ஒற்றைப் படை. அமோனியா செய்யும் ஏபர் முறையில் இரும்பின்மேல் நைதரசன் பிளந்து ஒட்டுவது இரண்டாம் வகை. அமோனியாத் தொகுப்பின் வேகத்தைத் தீர்மானிப்பதும் அந்தப் படிதான். அதைப் படிப்படியாக நிறுவிய கெராட் ஏட்டலுக்கு 2007 இல் நோபல் கிடைத்தது. வெப்பநிலை பற்றிக் கேட்டால் இப்படி யோசியுங்கள்: வாயு மூலக்கூறு ஓடித் திரிந்ததை விட்டு ஒட்டி நிற்பதால் எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மை, குறைகிறது. ஆனாலும் தானாக நடக்கிறது என்றால் வெப்பவுள்ளுறை மாற்றம் மறையாகத்தான் இருக்க வேண்டும், அதாவது வெப்பம் வெளியேற வேண்டும். ஆகவே சமநிலையில் சூடு கூடினால் ஒட்டியிருக்கும் அளவு குறையும். இரசாயன வகையில் மட்டும் முதலில் கூடிப் பிறகு குறைவதுபோல் தெரியும். தாக்கம் தொடங்க வேண்டிய ஏவற்சக்தி தேவைப்படுவதால் குளிரில் அது சமநிலையை எட்டவே நேரம் போதாது.

சொல்லைப் பயன்படுத்தும்போது இரண்டு கவனம். "இந்தக் கரி கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் பிடிக்கும்" என்று எழுதினால், எந்த வெப்பநிலையில், எந்தச் சமநிலைச் செறிவில் என்று சேர்த்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை. கரிப் பைகளில் "அயடின் எண்" என்று அச்சிட்டிருப்பதும் அப்படித்தான். மிஞ்சும் அயடின் செறிவு 0.02 நோமல் ஆகும் நிலையில் ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயடின் பிடித்தது என்பது அது. 1,000 அளவில் இருந்தால் நல்ல கரி. அயடினுக்கு நல்லது என்றுதான் பொருள், உங்கள் கிணற்றுக்கு என்றல்ல.

மற்றது குளோரீன். கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து நகரத்துக்கு வரும் பைப் தண்ணீரின் குளோரீன் மணத்தைக் கரி நன்றாக எடுத்துவிடும். ஆனால் அதைப் புறத்துறிஞ்சல் என்று மட்டும் எழுதினால் புள்ளி போகலாம். ஐப்போகுளோரசமிலம் காபனோடு தாக்கி, தான் தாழ்த்தப்பட்டு, குளோரைட்டாகத் தண்ணீரோடே வெளியே போகிறது. கரி அங்கே தாழ்த்தும் கருவி. குளோரீன் போனபிறகு அந்தத் தண்ணீருக்குக் கிருமிப் பாதுகாப்பும் இல்லை. சேர்த்து நாள் கணக்கில் வைக்கக்கூடாது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு: கடலோரக் கிணற்றில் நன்னீர் பாரங்குறைந்ததால் உப்புநீரின்மேல் மிதக்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருப்பது மேலே வரும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறைத்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஆர்.ஓ (நேர்மாறு சவ்வூடுபரவல்) எந்திரம்தான். அதில் வேலை செய்வது மென்சவ்வும் அமுக்கமும். அதற்கு முன்னால் பூட்டும் கரிப் பெட்டி, குளோரீன் அந்தச் சவ்வைக் கெடுக்காமல் காப்பதற்கு. கிணற்றுத் தண்ணீருக்குக் குளோரீன் போடுவதில்லை என்றால் அதற்குக்கூட வேலை குறைவு. பூட்டிய கரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாமா என்று அப்பா நிச்சயம் கேட்பார். வெயிலில் ஈரமும் ஆவியாகக்கூடிய சிலதும் போகும், மற்றவை அசையாது. அதைப் புதுப்பிக்க மறுபடி பல நூறு பாகையும் நீராவியும் வேண்டும். பழையதைப் பூமரத்தடியில் கொட்டிவிட்டு, புதிய கரியைக் கறுப்புத் தூள் வருவது நிற்கும்வரை கழுவிப் பூட்டச் சொல்லுங்கள்.